சாம்பிளுக்கு அனுமதி வாங்குவதா, திரும்ப வாசிப்பதா, பேக்கில் எடுப்பதா, கேட்காமலே வெளியிடுவதா?

வீட்டில் லேப்டாப்பை வைத்து டெக்னோ, ஹவுஸ், ஜங்கிள் என்று மின்னணு நடன இசை ட்ராக் செய்பவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்வி இது: "ஒரு பழைய ரெக்கார்டிலிருந்து நாலு பார் (நாலு தாளச் சுற்று) எடுத்து வெட்டி ஒட்டினேன். ட்ராக் அருமையாக வந்துவிட்டது. ஒரு சின்ன லேபிள் வெளியிடுகிறேன் என்கிறது. இப்போது என்ன செய்யட்டும்?" இப்படி எடுக்கும் துண்டைத்தான் சாம்பிள் என்பார்கள். கூடவே இன்னொன்றும் கேட்பார்கள்: "கண்டுபிடித்துவிடுவார்களா?"

மாட்டுவோமா மாட்டோமா என்பதை மட்டும் வைத்து இதை முடிவு செய்யக் கூடாது என்பது என் கட்சி. அதற்கு அண்டர்கிரவுண்ட் இசையிலேயே மிக அதிகமாக எடுக்கப்பட்ட ஒரு துண்டின் கதையைப் பார்க்க வேண்டும்.

1969-ல் வாஷிங்டனைச் சேர்ந்த தி வின்ஸ்டன்ஸ் குழு வெளியிட்ட ஒரு சிங்கிளின் பின்பக்கத்தில் இருந்த பாட்டு 'ஆமென், பிரதர்'. நடுவில் மற்றவர்கள் எல்லோரும் நிறுத்திவிட, கிரிகரி கோல்மன் நாலு பார் தனியாக டிரம்ஸ் வாசிப்பார். மொத்தம் ஏழு வினாடி. முதல் இரண்டு பாரும் நேராகப் போகும். மூன்றாவதில் ஸ்நேர் என்ற டிரம்மின் ஒரு அடி சற்றுத் தள்ளி விழும். நான்காவதில் முதல் அடியையே விட்டுவிடுவார். அப்புறம் கிராஷ் சிம்பல் என்ற உலோகத் தட்டின் அடி நாம் நினைத்ததற்கு முன்பாகவே வந்து விழும். அந்த ஏழு வினாடியை வேகமாக்கி, அடி அடியாக வெட்டி, வரிசையை மாற்றிப் போட்டுத்தான் 90-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஜங்கிள் என்ற இசையே வளர்ந்தது. ஆயிரக்கணக்கான ட்ராக்குகளில் அது இருக்கிறது.

கோல்மன் 2006-ல் வீடுவாசல் இல்லாத நிலையில் இறந்துபோனார். குழுவின் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு 2015-ல், பிரிட்டிஷ் டிஜே ஒருவர் முன்னின்று திரட்டிய நிதியிலிருந்து 24,000 பவுண்ட் கிடைத்தது. அதுவும் ராயல்டி இல்லை, நன்கொடை.

இதில் என்னை உறுத்துவது இன்னொரு விஷயம். உரிமை ஸ்பென்சரிடம் இருந்தது. எல்லோரும் முறைப்படி அனுமதி வாங்கியிருந்தாலும் அதில் ஒரு பங்கு டிரம்ஸ் வாசித்த கோல்மனுக்குப் போயிருக்கும் என்று சொல்ல முடியாது. ஆக, காப்புரிமைக் கணக்கு ஒன்று. யார் உழைப்பை எடுத்தோம், அதைச் சொன்னோமா என்ற கணக்கு வேறொன்று. ஒன்றைத் தீர்த்தால் மற்றது தானாகத் தீராது. உரிமம் வாங்கிவிட்டு வாசித்தவர் பெயரை மறைப்பவர்களும் உண்டு. பெயரைப் பெரிதாகப் போட்டுவிட்டு, அதுவே அனுமதி என்று நினைப்பவர்களும் உண்டு. கீழே உள்ள ஒவ்வொரு வழியையும் இரண்டு கணக்கிலும் பார்க்கப் போகிறேன்.

## எதை வைத்து எடை போடுவது?

முதலில் ஒரு அடிப்படை. எந்தப் பதிவிலும் இரண்டு சொத்து இருக்கிறது. பதிவான ஒலி ஒன்று. அதை மாஸ்டர் என்பார்கள், பெரும்பாலும் லேபிளிடம் இருக்கும். மெட்டும் வரியும் இன்னொன்று. இசையமைப்பாளர், பாடலாசிரியர் அல்லது அவர்களின் பப்ளிஷர் (பாட்டின் உரிமையைக் கையாளும் நிறுவனம்) கையில் இருக்கும். ரெக்கார்டிலிருந்து நேராக எடுத்தால் இரண்டையும் தொடுகிறீர்கள். இது மனதில் நின்றால் மிச்சமெல்லாம் எளிது.

நான் பார்க்கும் அளவுகோல்கள் இவை:

- எவ்வளவு பணம், எவ்வளவு நாள் பிடிக்கும்?
- அந்தப் பழைய ரெக்கார்டின் மணம் ட்ராக்கில் நிற்குமா?
- ட்ராக் பெரிதானால் தாங்குமா? பெரிய லேபிள், விளம்பரம், படம் என்று வந்தால் கையெழுத்துப் போட முடியுமா?
- தகராறு வந்தால் என்ன ஆகும்?
- மூலத்தை வாசித்தவருக்கு, பாடியவருக்கு என்ன போகிறது?

| | அனுமதி | திரும்ப வாசிப்பது | பேக் (தயார் ஒலித் தொகுப்பு) / இலவச ஒலி | கேட்காமல் வெளியிடுவது |
|---|---|---|---|---|
| செலவு | முன்பணம், பங்கு | இசைக்கலைஞர், ஸ்டூடியோ. மெட்டு இருந்தால் அதற்கும் | குறைவு | இப்போது ஏதுமில்லை |
| நேரம் | மாதக்கணக்கு | சில நாள் முதல் சில வாரம் | உடனே | உடனே |
| பழைய மணம் | முழுதாக | கிட்டத்தட்ட | இருக்காது | முழுதாக |
| பெரிதானால் | தாங்கும் | மெட்டு அனுமதி இருந்தால் தாங்கும் | தாங்கும். தனித்தன்மை குறைவு | தாங்காது |
| மூலக் கலைஞருக்கு | ஒப்பந்தத்தைப் பொறுத்தது | மாஸ்டர் பக்கம் ஒன்றுமில்லை | ஏற்கெனவே விற்றதோடு சரி | ஒன்றுமில்லை |

## வழி 1: அனுமதி வாங்கி எடுப்பது

மாஸ்டர் வைத்திருப்பவரிடமும் மெட்டு வைத்திருப்பவரிடமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். வழக்கமாக ஒரு முன்பணம், அதன்மேல் வருமானத்தில் பங்கு. ஒருவர் சரி என்று மற்றவர் மறுத்தால் எடுக்க முடியாது. ஒப்பந்தத்தில் "மற்றத் தரப்புக்கு இதைவிட அதிகம் கொடுத்தால் எனக்கும் அதே அளவு தர வேண்டும்" என்று ஒரு ஷரத்து வரும். அதைக் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டால், ஒருவரிடம் பேசி முடித்த விலை இன்னொருவரால் ஏறிவிடும்.

வெளியே தெரியாத பெரிய செலவு, உண்மையான உரிமையாளர் யார் என்று கண்டுபிடிப்பது. 1969-ல் வந்த இந்திப் படமான 'ஆராதனா'வின் ஒரு பாட்டை எடுத்ததாக அமெரிக்க இசைத் தயாரிப்பாளர் டிம்பலண்ட் மீது சரிகம நிறுவனம் அமெரிக்காவில் வழக்குப் போட்டது. 2011-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பழைய ஒப்பந்தத்தைப் பிரித்துப் படித்து, அந்தப் பதிவின் காப்புரிமை சரிகமவிடம் இல்லை என்று சொல்லிவிட்டது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்த நிலை. தமிழ்ப் பாட்டைத் தொட நினைப்பவர்களுக்கு இளையராஜா பாடல்களின் உரிமை குறித்து ஆண்டுக்கணக்காக நடக்கும் வழக்குகள் தெரிந்திருக்கும். யாரிடம் பணம் கட்டினால் யார் கேள்வி கேட்க மாட்டார்கள் என்பதே அங்கே தெளிவாக இல்லாதபோது, 300 பிரதி போடும் லேபிள் அதற்குள் இறங்குவது கடினம். ஈழத் தமிழ் வம்சாவளி பிரிட்டிஷ் பாடகி எம்.ஐ.ஏ. 2007-ல் 'காலா' ஆல்பத்தின் முதல் பாட்டில் 'தளபதி'யின் 'காட்டுக்குயிலு'வை எடுத்தாண்டபோது அவருக்குப் பின்னால் பெரிய லேபிள்களும் அவற்றின் சட்டப் பிரிவுகளும் இருந்தன.

ஆனால் இதே வழி மிகச் சுலபமாகும் இடமும் இருக்கிறது. நீங்கள் எடுத்தது உங்களைப் போன்ற இன்னொரு சின்னக் கலைஞருடையது என்றால், கலைஞர்களே நேரடியாக இசை விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் உள்ள பக்கத்திலேயே அவருக்கு எழுதலாம். எந்த ட்ராக், எத்தனையாவது வினாடி முதல் எத்தனையாவது வரை, எத்தனை பிரதி போடப் போகிறீர்கள், என்ன பங்கு தருவீர்கள் என்று எழுதி, உங்கள் ட்ராக்கின் தனி இணைப்பையும் சேர்த்து அனுப்புங்கள். மெட்டும் மாஸ்டரும் அவர் ஒருவரிடமே இருக்கும். பதில் வந்தால் நாலு வரியில் ஒப்பந்தம் முடிந்துவிடும். பலர் இதைக் கேட்டுப் பார்ப்பதே இல்லை என்பதுதான் வருத்தம்.

## வழி 2: திரும்ப வாசித்துப் பதிவது

மாஸ்டரைத் தொடாமல் அதே ஒலியைப் புதிதாக உருவாக்குவது. அமெரிக்கச் சட்டம் இதில் தெளிவு: ஒரு பதிவை எவ்வளவு நெருக்கமாகப் போலச் செய்தாலும், புதிதாக வாசித்ததாக இருந்தால் அந்தப் பதிவின் உரிமை மீறப்படாது. இங்கிலாந்தில் ஸ்கார்ச்சியோ போன்ற நிறுவனங்கள் இதையே தொழிலாகச் செய்கின்றன.

ஆனால் மெட்டு அப்படியே இருக்கிறது, மறக்க வேண்டாம். ஷட் அப் அண்ட் டான்ஸ் என்ற லண்டன் ஜோடி 1992-ல் 'ரேவிங் ஐயாம் ரேவிங்' வெளியிட்டது. அமெரிக்கப் பாடகர் மார்க் கோனின் 'வாக்கிங் இன் மெம்ஃபிஸ்' மெட்டை எடுத்து, வரிகளை மாற்றி, பீட்டர் பவுன்சரைப் பாட வைத்திருந்தார்கள். பிரிட்டிஷ் தரவரிசையில் 2-ஆம் இடம் வரை போனது. புதுக் குரல், புது வரி என்பதெல்லாம் காப்பாற்றவில்லை. விற்பனையை நிறுத்த வேண்டியதாயிற்று. வருமானம் அறக்கட்டளைக்குப் போனது.

"இந்தியாவில் கவர் வெர்ஷன் உரிமம் இருக்கிறதே, அது போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. 2012 திருத்தத்துக்குப் பிறகு, மூலப் பாட்டு வந்து ஐந்து ஆண்டு கழிந்திருக்க வேண்டும், ஒரு ஆண்டுக்கு 50,000 பிரதிக்கான ராயல்டியைக் குறைந்தபட்சமாகக் கட்ட வேண்டும், தொழில்நுட்பத் தேவைக்கு மேல் பாட்டை மாற்றவும் கூடாது. பல்லவியில் ஒரு துண்டை வெட்டி ஆறு நிமிட டெக்னோவாக இழுப்பது இதற்குள் அடங்காது.

டிரம் பிரேக் (டிரம்ஸ் மட்டும் தனியாக ஒலிக்கும் துண்டு), ஒற்றை கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்கள்), ஹார்ன் அடி (ஊதுகருவிகளின் ஒரு குட்டி வெடிப்பு) போன்றவற்றுக்குத்தான் இந்த வழி பிரமாதமாகப் பொருந்தும். வேலை எளிதில்லை. டிரம்மர் நன்றாக வாசித்தும் பழைய மணம் வராமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் அறைதான். பழைய பதிவுகளில் டிரம்ஸுக்கு மைக் குறைவு. எல்லா அடியும் ஒன்றின் மைக்கில் இன்னொன்றாகக் கசிந்து, டேப்பில் சற்று நசுங்கி, வினைலில் அழுத்தி, அப்புறம் உங்கள் காதுக்கு வந்திருக்கும். பத்து மைக் வைத்துச் சுத்தமாகப் பதிந்தால் அது கிடைக்காது. மேலே ஒன்று, காலால் அடிக்கும் பெரிய டிரம்மான கிக்குக்கு ஒன்று என்று இரண்டு மைக்கோடு நிறுத்துங்கள். ஸ்நேரின் தோலை நன்றாக இழுத்துக் கட்டி, மேலே துணி போடாமல் விடுங்கள். மெட்ரோனோம் வேண்டாம். வந்ததை டேப் அல்லது டேப் போன்ற ப்ளகினில் கொஞ்சம் அதிகமாகவே ஓட்டி, துண்டுகளை வாசிக்கும் கருவியான சாம்பிளரில், பழைய கருவிகளின் பிட் அளவுக்கு (ஒலியின் துல்லியத்துக்கு) குறைத்துப் பாருங்கள். அப்போது அது கோல்மன் இல்லை, ஆனால் உங்களுடையது.

ஒரு எச்சரிக்கை. 1989-ல் இத்தாலியின் பிளாக் பாக்ஸ் குழு 'ரைடு ஆன் டைம்' வெளியிட்டது. லொலெட்டா ஹாலவே 1980-ல் 'லவ் சென்சேஷன்' பாட்டில் பாடிய குரலை அப்படியே எடுத்திருந்தார்கள். மேடையில் வேறொரு பெண் வாயசைத்தார். பிரிட்டனில் அந்த ஆண்டு மிக அதிகமாக விற்ற சிங்கிள் அது. ஹாலவே தரப்பு போராடி ஒரு தொகையில் சமரசமானது. குரலை மாற்ற, பாடகி ஹெதர் ஸ்மாலை வைத்துத் திரும்பப் பாடவைத்துப் புதுப் பதிப்பு போட்டார்கள். மாஸ்டர் சிக்கல் அதோடு ஓய்ந்தது. ஆனால் முதலில் ஒரு பாடகி மறைக்கப்பட்டார், அப்புறம் இன்னொரு பாடகி முன்னவரைப் போலப் பாடப் பயன்பட்டார். திரும்ப வாசிக்க யாரை அழைத்தாலும் அவர் பெயரைப் போடுங்கள், மூலத்தின் பெயரையும் சொல்லுங்கள். இன்று ஒருவரின் குரலை ஏஐ-யில் நகல் எடுத்துச் சமாளிக்கலாம் என்று நினைப்பவர்கள், 2024-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் அரிஜித் சிங்கின் குரலுக்குக் கொடுத்த பாதுகாப்பைப் படித்துவிட்டு இறங்குவது நல்லது.

## வழி 3: சாம்பிள் பேக், இலவச ஒலி, காலம் கடந்த பதிவுகள்

தயார் ஒலித் துண்டுகளையும் லூப்களையும் (திரும்பத் திரும்ப ஓடும் துண்டுகள்) தரும் ஸ்ப்லைஸ் போன்ற சேவைகளில் மாதச் சந்தா கட்டி எடுக்கலாம், ராயல்டி கிடையாது. ஆனால் அதே லூப்பை உலகம் முழுக்க எடுக்கிறார்கள். உங்கள் ட்ராக்கின் முதன்மையான ஒலியே ஒரு பேக் லூப் என்றால், ஒலியைப் பொருத்தி உரிமையாளரைக் கண்டறியும் யூடியூப் கன்டென்ட் ஐடியில் அதை உங்களுடையதாகப் பதிய முடியாது. பலருக்கும் ஒரே நேரத்தில் உரிமம் தரப்படும் ஒலியை அது ஏற்பதில்லை. விதி தெரியாத இன்னொருவர் அதைப் பதிந்துவிட்டால் உங்கள் ட்ராக்குக்கே உரிமைக் கோரிக்கை வந்து நிற்கும். பேக் வாங்கிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

பார்சலோனாவின் போம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகம் நடத்தும் ப்ரீசவுண்ட் என்ற இலவச ஒலித் தளத்தில் மழை, ரயில், பட்டறை என்று எல்லா ஒலியும் உண்டு. ஒவ்வொன்றின் உரிமமும் வேறு. வணிகப் பயன்பாடு கூடாது என்றிருந்தால் ஐந்து ரூபாய்க்கு விற்றாலும் மீறல்தான்.

காப்புரிமைக் காலம் கடந்த பதிவுகள் பற்றி ஒரு பெரிய குழப்பம் இருக்கிறது, அதனால் கணக்காகவே சொல்கிறேன். இந்தியாவில் ஒலிப்பதிவுக்குப் பாதுகாப்பு வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. 1964-ல் வெளிவந்த பதிவு 2024 முடிவோடு சுதந்திரம். ஆனால் மெட்டுக்கும் வரிக்கும் படைத்தவரின் ஆயுளும் அதன்மேல் 60 ஆண்டும். கண்ணதாசன் 1981-ல் மறைந்தார். அவர் வரிகளுக்கு 2041 முடியும் வரை பாதுகாப்பு. எம்.எஸ்.விஸ்வநாதன் 2015-ல் மறைந்தார். அவர் மெட்டுகளுக்கு 2075 வரை. ஆகவே அந்தப் பழைய படப்பாட்டின் பல்லவியை எடுக்க முடியாது. வெளிநாட்டில் விற்றால் அந்தந்த நாட்டுக் கணக்கு தனி.

## வழி 4: கேட்காமல் வெளியிடுவது

அண்டர்கிரவுண்டின் பெரும்பகுதி இப்படித்தான் உருவானது, அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. பெயர் அச்சிடாத வெள்ளை லேபிள் ஒட்டி, சில நூறு பிரதி போட்டு, கார் டிக்கியில் ஏற்றிக் கடைகடையாகக் கொடுத்துவிட்டுப் போனார்கள். தேடிப் பிடிப்பதற்கு ஆகும் செலவு கிடைக்கும் பணத்தைவிட அதிகம் என்பதால் யாரும் வரவில்லை.

இன்று தேடுவது இயந்திரம். ஏற்றும்போதே ஒலியைப் பொருத்திப் பார்த்துவிடுகிறது. ட்ராக்கை இணையத் தளங்களில் ஏற்றித் தரும் டிஸ்ட்ரிப்யூட்டரிடம் கொடுக்கும்போது "எல்லா உரிமையும் என்னிடம், சிக்கல் வந்தால் நானே பொறுப்பு" என்று ஒரு கட்டத்தில் டிக் செய்கிறீர்கள். வழக்குச் செலவை உங்கள் தலையில் கட்டும் வரி அதுதான். பெரும்பாலான நேரம் ட்ராக் நீக்கப்படுவதோடு கதை முடியும். முடியாதபோது தொகை பெரிது. அமெரிக்காவில் தெரிந்தே மீறியதாக நிரூபணமானால் ஒரு படைப்புக்கு 1,50,000 டாலர் வரை இழப்பீடு. இந்தியாவில் காப்புரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. அது பிணையில் விடமுடியாத குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் சொல்லியிருக்கிறது.

"சின்னதாக வெட்டினேன், அடையாளமே தெரியாது" என்பது எந்த நாடு என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவில் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005-ல், உரிமம் வாங்கு, இல்லையென்றால் சாம்பிள் எடுக்காதே என்றது. இன்னொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் 2016-ல், மடோனாவின் 'வோக்' பாட்டில் இருந்த 0.23 வினாடி ஹார்ன் அடிக்கு அனுமதி தேவையில்லை என்றது. ஜெர்மன் மின்னணு இசைக் குழு கிராஃப்ட்வெர்க்கின் 1977 பாட்டிலிருந்து இரண்டு வினாடித் தாளத்தை எடுத்த வழக்கு 1999-ல் ஜெர்மனியில் தொடங்கி இருபது ஆண்டுக்கு மேல் இழுத்தது. 2019-ல் ஐரோப்பிய நீதிமன்றம், காதால் அடையாளம் காண முடியாதபடி மாற்றியிருந்தால் மீறல் இல்லை என்று ஒரு கோடு போட்டது. அடையாளம் தெரிய வேண்டும் என்பதற்காகத்தானே பெரும்பாலும் எடுக்கிறோம்? அப்போது அந்தக் கோடு உதவாது.

"பெரிய கம்பெனியிடமிருந்துதானே எடுக்கிறோம்" என்பார்கள். எதிர்த்திசையிலும் அதே நடக்கும். பின்லாந்தின் யான்னே சுனி 2000-ல் அமிகா என்ற பழைய வீட்டுக் கணினியில் 'ஆசிட்ஜாஸ்டு ஈவ்னிங்' என்ற சின்ன ட்யூனைச் செய்தார். அதை இன்னொருவர் கமடோர் 64 என்ற இன்னொரு பழைய கணினிக்கு மாற்றினார். 2006-ல் டிம்பலண்ட் தயாரித்த, பாடகி நெல்லி ஃபுர்டாடோவின் பாட்டில் அது இருப்பதாக வழக்கு வந்தது. 2012-ல் வழக்கு தோற்றது. திருடினாரா இல்லையா என்று தீர்ப்பு வரவில்லை; வழக்குக்கு முன் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தில் பதியவில்லை என்ற காரணமே போதுமானதாக இருந்தது. கேட்காமல் எடுப்பது சரி என்ற பழக்கத்தை நாம் வளர்த்தால், அதில் அதிகம் இழப்பது வக்கீல் வைக்க முடியாத சுனி போன்றவர்கள்தான்.

## எப்போது எது?

சாம்பிளை மியூட் செய்து ட்ராக்கை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். சாம்பிள் போனாலும் ட்ராக் நிற்கிறதென்றால் வழி 3 அல்லது உங்கள் சொந்த சிந்தசைசர் போதும், எதற்கு வம்பு? நிற்கவில்லை, ஆனால் உயிர் தாளத்தில் இருக்கிறதென்றால் வழி 2. ஒரு குறிப்பிட்ட குரல், ஒரு குறிப்பிட்ட பாடகர் இல்லாமல் ட்ராக்கே இல்லையென்றால் வழி 1 தவிர வேறு நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை. அனுமதி கிடைக்காவிட்டால் அந்த ட்ராக்கை வெளியிடாமல் வைத்துக்கொள்ளத் தயாராக இருக்க வேண்டும்.

வழி 4-ஐ நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. டிஜே செட்டில் (மேடை நிகழ்ச்சியில்) நீங்களே வாசிப்பதற்கு வைத்திருக்கும், விற்காத, ஏற்றாத எடிட் மட்டும் எனக்கு நெருடவில்லை. சட்டம் அதையும் ஏற்கிறது என்று சொல்ல மாட்டேன். உங்களுக்கும் உங்கள் மனசாட்சிக்கும் நடுவே உள்ள விஷயம் அது.

ஏற்கெனவே வெளியிட்டுவிட்டவர்களுக்கு: பெரிய லேபிள் கதவைத் தட்டும்வரை காத்திருக்காதீர்கள். அவர்கள் முதலில் கேட்பதே சாம்பிள் பட்டியலைத்தான், அந்த நேரத்தில் உரிமையாளரிடம் போனால் விலை அவர் சொல்வதுதான். இப்போதே ப்ராஜெக்ட் ஃபைலைத் திறந்து, எந்த ரெக்கார்டிலிருந்து எந்த வினாடியில் எடுத்தீர்கள் என்று எழுதி வையுங்கள். தாளமாக இருந்தால் திரும்ப வாசித்து மாற்றி, புதுப் பதிப்பை ஏற்றிவிடுங்கள். குரலாக இருந்தால் விற்பனையை நிறுத்திவிட்டுக் கடிதம் எழுதுங்கள். பேண்ட்கேம்ப் விளக்கத்தில் வாசித்தவர், பாடியவர் பெயரை இன்றைக்கே சேர்க்கலாம். ஆனால் அது உரிமையாளரிடம் நீங்களாகவே ஒப்புக்கொள்வதும் ஆகும் என்பதால், கடிதத்தை அனுப்பிவிட்டுச் சேர்த்துவிடுங்கள்.